இழுத்தா வராத கால்

இல்ல சார், நல்லா இழுத்துப் பாருங்க. ரெண்டு கையாலயும் இழுங்க. வராது. உங்க ரிசார்ட்டுல எப்பேர்ப்பட்ட ஆளு ஏறிக் குந்தினாலும் இந்த டீப்பாய் காலு ஆடாது. மேல்பலகை மட்டுந்தான் பழசு. வாணியம்பாடியில சனாவுல்லா பாய்னு ஒருத்தரு, இடிக்கிற வூடுங்கள்ல கட்டிலு, மேசை எல்லாம் வாங்கினு வந்து ஜமுனாமரத்தூருல எறக்குவாரு. பலகை கெட்டியா கீது, கால கரையான் துன்னுட்டிருக்கும். அத்த அறுத்துப் போட்டுட்டு நான் புதுக்கால் வைக்கிறேன்.

இன்னாது, போன தபா எட்த்துனு போன பெஞ்சி ஆடுதா? ஆடும் சார். அது வேற மொறை. முன்னல்லாம் கால ஓட்டையில சொருவி, பசை போடாம ஒரு நாள் வுட்டு வைப்பேன். மலையில பனி ஏறினா மரம் ஊதும், வெயில் பட்டா சுருங்கும். அது ஒரு நெலைக்கு வந்தப்பறந்தான் பசை, ஆப்பு எல்லாம். ஆனா அந்த ஒரு நாளு காலு சும்மாதான் சொருவிக் கீது. கைய வச்சா வந்துடும். அது எங்கூட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும்.

அர்ச்சுனன்னு பேரு. இன்னிக்கி பேரச் சொன்னா இன்னா ஆயிடப் போவுது.

குடிச்சிட்டு வந்தாருன்னா நேரா பட்டறைதான். மேசையக் கவுத்து ஒரு கால உருவுவாரு. அடுப்பாண்ட அவ்ளோ வெறகு கெடக்குது, அது வேணாம். நான் இழைச்ச கால்தான் வேணும். ஒரு பக்கம் பருமனா, புடிக்கிற பக்கம் ஒல்லியா, நானே வாகா செதுக்கிக் குடுத்திருக்கேன் பாருங்க. தோ, இந்த முழங்கை வேங்கை மரம். மண்டையில இந்தத் தையலு பலா. அடிச்சி முடிச்சிட்டு கால அங்கியே கடாசிட்டுப் போய்டுவாரு. நான் ரத்தத்தத் தொடைச்சிட்டு மறுபடி சொருவுவேன். ஆர்டராச்சே. அப்டி ஒண்ணு உங்க ரிசார்ட்டுலயே கீது சார், மூஞ்சிய சுளிக்காதீங்க, பாலீஷ் போட்டுத்தான் குடுத்தேன்.

எங்க சார் போறது? பட்டறை இங்கதான கீது. நான் போனா அவருக்கு இன்னும் சௌரியம்.

அடி என் ஒடம்போட நின்னிருந்தா இன்னும் கூட வாங்கிகினு இருந்திருப்பேன். போன வாரம் கல்பனா, என் பொண்ணு, பத்தாவது படிக்குது, குறுக்க வந்து கைய நீட்டிச்சி. எழுதற கை. ரெண்டு வெரலு நசுங்கிப் போச்சி. அது அழுவல சார். அம்மா, கால இறுக்கி வைம்மான்னு மட்டும் சொல்லிச்சி. கட்டுப் போட்டு, ஒடுகத்தூர்ல என் தங்கச்சி ரத்தினம்மா வூட்ல கொண்டு போயி வுட்டுட்டு வந்தேன்.

வந்துதான் இந்த டீப்பாய ஆரம்பிச்சேன். ஒரு நாளெல்லாம் வுடல. சொருவன கையோட பசை ஊத்தி, ஆப்படிச்சி, குறுக்க ஒரு போல்ட்டும் போட்டு முறுக்கிட்டேன். மரம் வெடிச்சா வெடிக்கட்டும்னுதான்.

இன்னிக்கி காலையில வந்தாரு. கவுத்துப் போட்டு இழுத்தாரு. வரல. எட்டி ஒதைச்சாரு, வரல. தரையில குந்திகினு, ரெண்டு காலையும் நீட்டி பலகையில முட்டுக் குடுத்து, மூஞ்செல்லாம் செவந்து போயி இழுக்கறாரு. பொண்ண எங்கடி ஒளிச்சி வச்ச, அவள இட்டாந்து உன் கண்ணு முன்னாடியே அடிச்சிக் கொல்றேன் பாருன்னு சொல்லிகினே இழுக்கறாரு. நான் கொட்டாப்புளிய கையில வச்சிகினு நிக்கறேன். ஆப்படிக்கிற மரச்சுத்தி சார், தோ கீது பாருங்க, அதுதான். அவுரு முட்டி ரெண்டும் எனக்கு எதுருலயே கீது.

உங்க வண்டி ஆலங்காயம் வழியாதான எறங்கும்? அத்தக் கேக்கத்தான் இவ்ளோ நேரம் பேசிகினு கீறேன். டீப்பாய நாளைக்கு எட்த்துக்கங்க, இன்னிக்கி பின் சீட்டுல அவர நீட்டிப் படுக்க வச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும். உள்ளதான் கீறாரு. கத்திக் கத்தி இப்பதான் அடங்கினாரு. உசுரு கீது சார், பயப்படாதீங்க. மொத முட்டி கோவத்துல அடிச்சது, சாமி சத்தியமா. ரெண்டாவதுக்கு கோவம் இல்ல. ஒத்தக் காலு ஒடைஞ்சா கோல ஊனிகினு ஒடுகத்தூருக்கு பொண்ணத் தேடினு போய்டுவாரு. அதான் கொஞ்ச நேரம் நின்னு, யோசிச்சி, இன்னொண்ணையும் அடிச்சேன். ஸ்டேஷன்ல கேட்டாலும் இத்தத்தான் சொல்லுவேன். வாங்க சார், தலப்பக்கம் நீங்க புடிங்க.