அடுத்த எழுத்து மின்னும்போது

இல்லம்மா, அந்த மூளை பாக்கற தொப்பிய அப்படியே பெட்டியில வைக்காதீங்க. பசை ஒட்டியிருக்கு, கழுவித் தர்றேன். என் வீட்டுக்காரி ஃபுசாயேயோட முடியில அது காஞ்சுபோனா இழுக்கும்னு தினம் நான்தான் வெந்நி ஊத்தி அலசிவிடுவேன். டீ குடிங்க இஷிமோரிசான். செண்டாய் ஆய்வுக்கூடத்துலேர்ந்து இவ்வளவு தூரம் வந்துட்டு உடனே கிளம்பணுமா? அவ போயே ரெண்டு மாசம் ஆச்சு, கருவி அரைமணி நேரம் கூட இருந்தா என்ன இப்ப.

அந்த வியாதி முதல்ல கைய எடுத்துச்சு. அப்புறம் நாக்கு. கடைசியில கண்ணிமை கூட அசையல. ஆனா உள்ள புத்தி முழுசா இருக்குன்னாரு டாக்டர். அப்பத்தானே உங்க ஆளுங்க இதைக் கொண்டாந்தாங்க. எழுத்து ஒண்ணொண்ணா மின்னும், அவ நெனச்சது வந்ததும் மூளை துள்ளும், கருவி கப்புன்னு புடிச்சுக்கும்னாங்க.

எங்க புடிச்சுது! போன டிசம்பர்ல முகின்னு வந்துச்சு. சரி, முகின்னா பார்லிதானே, பார்லி டீ கேக்கறான்னு போட்டு, பஞ்சுல தொட்டு உதட்டுல தடவினேன். மறுநாளும் முகி. மூணாம் நாளும் அதேதான். ஏண்டி, வாய் போனப்புறமும் இந்த அதிகாரமான்னு கிண்டல் பண்ணினேன். இப்பத்தான் உறைக்குது. நம்ம எழுத்து வரிசையில மி-க்கு அடுத்தது மு, கா-வுக்கு அடுத்தது கி; ஒவ்வொரு எழுத்தையும் ஒண்ணு பின்னால தள்ளிப் பாருங்க. மி. கா. கடைசி ன் மட்டும் மாட்டல, அவ மிகான் ஆரஞ்சுப் பழம் கேட்டிருக்காம்மா. பழக்கூடை பக்கத்துலயே இருந்துச்சு.

நீங்க வாசல்ல வச்சுச் சொன்னீங்களே, எல்லாம் காலேஜ் பிள்ளைங்க தலையில அளந்து வச்ச கணக்குன்னு. எங்க வயசுல மூளையில பதில் எழும்பவே நேரமாகும், எழும்பினாலும் சன்னமா இருக்கும், கருவி காத்திருக்கலன்னா அடுத்தது மின்னும்போதுதான் வந்து சேரும்னு. கருவிய மாத்தி வச்சதும் உங்க இன்னொரு நோயாளி, அந்த எம்பது வயசுக்காரர், முதல் வேலையா பொண்டாட்டியத் திட்டி எழுதினாராமே! சந்தோஷம்மா. நெசமாத்தான் சொல்றேன்.

ஐயோ, நீங்க ஏன் தலை குனியறீங்க? உங்கமேல எனக்கென்ன கோவம்? உக்காருங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பதிஞ்சதெல்லாம் அழியாம உள்ளயே இருக்கும்தானே? அப்பாடா. செப்டம்பர் பத்தொம்போது, காலைல பத்தரை. அதை மட்டும் புதுக் கணக்குல போட்டுப் பாக்க முடியுமா? ரொம்ப இல்லம்மா, ரெண்டே வார்த்தைதான் மாத்தி மாத்தி மின்னுச்சு. வேணும், வேணாம். அவளுக்கு மூச்சு திணற ஆரம்பிச்ச வாரம் அது. தொண்டையில துளை போட்டு மூச்சு மிஷின் வைக்கட்டுமான்னு டாக்டர் கேட்டாரு. மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் வேணாம்னுதான் வந்துச்சு. அவ கண்ணுலேர்ந்து தண்ணி வழிஞ்சுது. நிம்மதியில அழறான்னு நெனச்சு, தொடச்சுவிட்டுட்டு மிஷின் வேணாம்னு கையெழுத்துப் போட்டேன்.