விட்காம் கண்ட மௌனம்

தாலியா: ...அப்போ அது சோளக்காடு இல்லையா?

லவோன்: சோயாம்மா. முழங்கால் உயரம்கூட இல்ல. அதுக்குள்ள அந்த மனுஷன் எப்படித் தொலைஞ்சாராம்?

தாலியா: "அயோவாவின் சோளக்கடலுக்குள் என்னைத் தொலைத்தேன்"னு விட்காம் தன் கட்டுரைல எழுதியிருக்காருங்க.

லவோன்: தொலைச்சது கார் சாவியை. நாங்கதான் தேடிக் குடுத்தோம்.

தாலியா: அதை எழுதலை... சரி, சோயா. அடுத்து, நீங்க அவருக்குக் குடுத்தது ஆப்பிள் பை?

லவோன்: செர்ரி பை, நானே சுட்டது. ரெண்டு துண்டு தின்னுட்டு மூணாவதுக்கும் தட்டை நீட்டினாரு.

தாலியா: ஆப்பிள்னு போட்டிருக்காரே.

லவோன்: பாவம். நியூயார்க்ல இருந்து அமெரிக்காவைப் பாக்க இவ்ளோ தூரம் வந்துட்டு, அமெரிக்கான்னாலே ஆப்பிள் பைதானே, செர்ரின்னு எழுத மனசு வரல போல. ஏன் கண்ணு, உங்க பத்திரிகைல ஒவ்வொரு வரிக்கும் இப்படி போன் போட்டு விசாரிப்பீங்களா?

தாலியா: அதாங்க என் வேலை. எழுதினவர் எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி, எழுதினது நிஜமான்னு சம்பந்தப்பட்டவங்களைக் கேட்டுச் சரிபாக்கணும். அப்புறம்தான் அச்சுக்குப் போகும்.

லவோன்: அந்தப் பெரிய ஆளுக்கு இது பிடிக்குமா?

தாலியா: என்னைப் பாத்தா லிஃப்டுக்கு நிக்காம படியில இறங்கிடுவார்.

லவோன்: ஹ! எங்க ஊர்ல பாதிரியாரு என்னைப் பாத்தா அப்படித்தான்.

தாலியா: இப்போ முக்கியமான இடம்மா. கட்டுரையே இதுமேலதான் நிக்குது. அட்டைப் படமும் உங்க சாப்பாட்டு மேசைதான்.

லவோன்: ஐயோ, அந்தக் கறை புடிச்ச விரிப்போடயா?

தாலியா: வரியைப் படிச்சுக் காட்டக் கூடாது... இருந்தாலும் கேளுங்க. "ஒரே மேசை, இரண்டு கட்சி. நடுவே ஒரு ஜாம் பாட்டில். அந்தத் தேர்தல் முதல் லவோனும் டெல்மரும் பேசிக்கொள்வதில்லை. அந்த மௌனம் அவர்களுடையது மட்டும் அன்று, ஒரு தேசத்தினுடையது."

லவோன்: இரு, இரு. ஜாமா?

தாலியா: அம்மா?

லவோன்: அது ஜாம் இல்ல. வெள்ளரிக்கா ஊறுகா.

தாலியா: ஊறுகாயை விடுங்கம்மா. பேசிக்கறது இல்லைங்கறது நிஜமா?

லவோன்: இரு, இங்கதான் உக்காந்திருக்காரு. ஏங்க! நாம பேசறதில்லையான்னு பத்திரிகைல கேக்கறாங்க!

டெல்மர்: மேசையா? துடைச்சாச்சு!

லவோன்: மேசை இல்லீங்க, பேச்சு! பேச்சு!

டெல்மர்: பூச்சா? வேலிக்குப் பூச்சு அடுத்த வாரம்... எதுக்கு அப்படி முறைக்கறே? உன் கட்சிக்காரங்களோட மனுஷன் பேச முடியுமா? நான் கராஜுக்குப் போறேன்!

லவோன்: போங்க, போங்க! உங்க ஆளு ஜெயிச்சுக் கிழிச்சதை நானும் பாத்தேன்! ...இரு கண்ணு, கதவு சாத்தட்டும். ...ம். போயிட்டாரு.

தாலியா: கோபமாத்தான் இருக்கார் போல. ஆனா... மேசைன்னாரே?

லவோன்: கவனிச்சுட்டியா. இதை நீ எழுதக் கூடாது.

தாலியா: சொல்லுங்கம்மா.

லவோன்: அவருக்குக் காது போயிட்டே இருக்கு. வாழ்நாள் பூரா மாட்டு ஏலம் விட்ட ஆளு. கடைசி வரிசைல ஒருத்தன் தும்மினா, அது விலை கேக்கற தும்மலா வெறும் தும்மலான்னு சொல்லுவாரு. அந்த ஆளு எப்படி "எனக்குக் காது கேக்கல"ன்னு சொல்லுவாரு?

தாலியா: அதான் பேசறதில்லையா!

லவோன்: ஒருநாள் நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன்னு அவருக்குப் புரியல. முழிச்சாரு. அப்புறம் "அரசியல் பேசாதே"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. நான் கேட்டது உப்பு.

தாலியா: உப்பா!

லவோன்: சிரிக்காதே... சரி, சிரி. நானும் அன்னிக்குத் திரும்பி நின்னு சிரிச்சேன். அப்புறம் பாவமா இருந்துச்சு. மனுஷனுக்கு ஒரு சாக்கு வேணும். சாக்குன்னா அது நிக்கணும்ல? மறுநாளே போய் எதிர்க்கட்சியோட தேர்தல் பலகை ஒண்ணு வாங்கியாந்து, வாசல்ல அவரு கட்சிக்கு நட்டிருந்த பலகைக்குப் பக்கத்துலயே நட்டேன்.

தாலியா: அந்தப் பலகையைப் பத்தி மட்டும் விட்காம் நாலு பக்கம் எழுதியிருக்காரும்மா!

லவோன்: இதுல ஒண்ணு பாரு. காத்தடிச்சு என் பலகை சாஞ்சா, அவரே போய் நிமித்தி வெச்சுடுவாரு. திட்டிக்கிட்டேதான்.

தாலியா: அப்போ உங்க ஓட்டு?

லவோன்: எங்கப்பா காலத்துல இருந்தே எனக்கும் அவரு கட்சிதான். இந்தத் தடவையும் அதுக்குத்தான் போட்டேன். பலகை அவருக்காக, ஓட்டு எனக்காக.

தாலியா: அம்மா, உங்க ரெண்டு பேர் ஓட்டும் ஒரே கட்சிக்குன்னா, "ஒரே மேசை, இரண்டு கட்சி"ங்கற வரியை நான் அடிச்சாகணும். அதை அடிச்சா கட்டுரையே படுத்துடும். ஏன் அடிச்சேன்னு விட்காம் கேப்பார்.

லவோன்: காதுன்னு மட்டும் சொல்லிடாதே. ஊரே அந்தப் பத்திரிகையை வாங்கும். வர்ற கண்காட்சி ஏலத்துக்கும் இவரைத்தான் மேடையேத்தப் போறாங்க. விலை கேக்கறவங்க கை தூக்கறதைக் கண்ணாலயே பாத்துச் சமாளிச்சுடுவாரு. ஆனா விஷயம் தெரிஞ்சா ஏத்த மாட்டாங்க. அதைவிட, எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா... அந்த முகத்தை என்னால பாக்க முடியாது கண்ணு.

தாலியா: காதைத் தொட மாட்டேன், சத்தியமா. ஆனா ஓட்டைப் பத்தி அவர்கிட்டயும் கேக்கணும். ஒருத்தர் சொன்னா போதாது, அது எங்க விதி.

லவோன்: கராஜுக்குத் தனி போன் இருக்கு. நம்பர் தரேன். ஆனா கத்திப் பேசாதே, சந்தேகப்படுவாரு.

\*

தாலியா: டெல்மர் ஐயாங்களா? கராஜ் போன்தானே? நான் பத்திரிகைல இருந்து தாலியா...

டெல்மர்: கத்தாதே பொண்ணே. நல்லாவே கேக்குது.

தாலியா: ...கேக்குதுங்களா?

டெல்மர்: இந்த போன்ல கேக்கும். சத்தம் கூட்ட ஒரு பட்டன் இருக்கு. இதை லவோன்கிட்ட சொல்லிடாதே. என் காது இப்படி ஆனது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா உக்காந்து அழுவா.

தாலியா: ...சொல்ல மாட்டேங்க.

டெல்மர்: அந்த சாவி தொலைச்ச ஆளு என்ன எழுதியிருக்காரு?

தாலியா: நிறைய எழுதியிருக்கார். எனக்கு ஒரு வரிதான் பாக்கி. உங்க வீட்ல ரெண்டு கட்சிக்கும் ஓட்டு விழுந்துச்சா?

டெல்மர்: ம்...

தாலியா: பிடிக்கலைன்னா சொல்ல வேண்டாங்க.

டெல்மர்: இல்ல, கேளு. காதை மறைக்கறதுக்காக நான் அவமேல ஒருநாள் அரசியலைப் பேசி எரிஞ்சு விழுந்தேன். அவ அதுவரைக்கும் ஒரு கட்சிக்காரங்களையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. மறுநாள் பாத்தா வீம்புக்குன்னு ஒரு பலகையை நட்டு வெச்சிருக்கா. எல்லாம் என்னால வந்தது. தினம் ஜன்னல்ல அதைப் பாக்கறப்போ மனசு கேக்கல.

தாலியா: அதான் சாஞ்சா நிமித்தி வெக்கறீங்களா?

டெல்மர்: அது உனக்கெப்படித் தெரியும்?

தாலியா: கட்டுரைல... எங்கயோ இருக்குங்க. மேல சொல்லுங்க.

டெல்மர்: ஓட்டுப் போடற மறைவுக்குள்ள நின்னேன். ஓட்டுச் சீட்டுல என் ஆளு பேரு மேல பேனாவை வெச்சேன். கை நகரல. எங்கப்பா பாத்தா கல்லறையில புரண்டு படுப்பாரு... அவ பலகைல இருக்கற ஆளு பேருக்குப் பக்கத்து வட்டத்தைக் கறுப்பாக்கி, அவருக்கே ஓட்டைப் போட்டுட்டு வந்துட்டேன். ஆக, எங்க வீட்ல ரெண்டு ஓட்டும் ஒரே பக்கம்தான். அந்த ரெண்டு கட்சி வரி சுத்தப் பொய். அடிச்சுடு.

தாலியா: அந்த வரி அப்படியே இருக்கட்டுங்க ஐயா. சோளத்தை மட்டும் சோயான்னு மாத்திடறேன்.