மருதமுத்து சொன்னதும் நான் சொன்னதும்

கோப்பி நன்றாக இருக்கிறது ஐயா. காஜா பெராங்கில் என் வீட்டுப் பக்கத்துக் கடைக்காரனுக்கு இப்படித் தாராளமாகப் பால் விட மனசு வராது.

என் பெயர் கலியாணசுந்தரம். மொழிபெயர்ப்பாளன். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நம் ஆட்களுக்குப் பென்ஷனில் சிக்கல் வந்தால் எங்கே போவதென்று தெரியாது, என்னிடம்தான் வருவார்கள். முதலில் இலாகாத் தலைவரிடம் போ, அங்கே கைவிரித்தால் விசாரணைக் குழுவுக்குப் போ, அதற்கும் மேலே கவர்னருக்கு மனுப் போடலாம் என்று வழி சொல்வேன். யாரிடமும் கைநீட்டியதில்லை.

மருதமுத்துவையும் குழுவுக்கு நான்தான் அழைத்துப் போனேன். ரோடு போடும் இலாகாவில் தார் ஊற்றிய மனிதர். ஜப்பான்காரன் காலத்தில் வேலையை விட்டு ஓடிவிட்டார், அதற்கு முந்தைய சர்வீஸ் செல்லாது, பென்ஷன் கிடையாது என்று இலாகா சொல்லிவிட்டது. இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம் அது. கொடி மாறியிருந்தது, குழுத் தலைவர் மட்டும் இன்னும் வெள்ளைக்காரர்.

"நான் ஓடலீங்க தொர. புடிச்சு லாரியில ஏத்தி சயாமுக்கு அனுப்பிட்டாங்க, ரயில் ரோடு போட. என் பேர யாரு குடுத்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்றார் மருதமுத்து. வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: சம்பளம் கூடக் கிடைக்குமென்று இவராகவே சயாமுக்குப் போனார்.

பதறாதீர்கள் ஐயா. உள்ளதைச் சொல்லியிருந்தால், பெயர் கொடுத்தது யார் என்று துரை கேட்டிருப்பார். ஜப்பான்காரன் காலத்தில் அந்த இலாகாவில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். சயாமுக்கு அனுப்ப அவன் கேட்ட ஆட்களின் பட்டியலில் என் தம்பி ஜெயபாலன் பெயரும் இருந்தது. இளைப்பு நோய்க்காரன், சயாமில் ஒரு மாதம் தாங்கமாட்டான். மருதமுத்து திடமான உடம்புக்காரர். அவன் பெயரை எடுத்துவிட்டு இவர் பெயரைக் கொடுத்தேன். என் கணக்குத் தப்பவில்லை, உயிரோடுதானே திரும்பி வந்தார். காலில் வந்த புண்தான் கடைசிவரை ஆறவில்லை.

குழு கோரிக்கையைத் தள்ளிவிட்டது. வெளியே வந்ததும் மருதமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, இதுக்கு மேல போய்க் கேக்க ஒரு எடமும் இல்லீங்களா?"

"இல்ல மருதமுத்து. இதோட முடிஞ்சுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது, பொய்யில்லை. அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகு அவர் மனைவி பொன்னம்மா புக்கிட் பாருவில் நாலு வீட்டுத் துணி துவைத்துச் சோறு போட்டார். இவர் பசியில்லை என்று சொல்லித் தன் பங்கையும் அந்தம்மாவுக்கே ஒதுக்கிவிடுவாராம். மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அந்த மனிதரின் கனம் அவ்வளவுதான் ஐயா.

இப்போது தொழிற்சங்கத்து தேவதாஸ் சொல்லி, பொன்னம்மா கவர்னருக்கு மனுப் போட்டிருக்கிறார். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அந்த மனுவை விசாரிக்கிற நீங்கள் கேட்டபோது என் பெயரைச் சொன்னாராம். குறையாக அல்ல, நன்றியாக. அதுதான் என்னைக் கூப்பிட்டீர்கள். பெயரை மாற்றிக் கொடுத்தது நான். பேச்சை மாற்றிச் சொன்னது நான். மேலே இடமில்லை என்றதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மறுபடி விசாரணை வைத்தால் மொழிபெயர்க்க என்னையே கூப்பிடுங்கள். அவர்கள் பட்ட பாடு என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?