இரண்டாவது சிலிண்டர்

விடியற்காலை ஐந்தரை மணி. திருவல்லம் பாலம் தாண்டினால் கோவளம் வரை பைபாஸில் ஈ காக்கை கிடையாது. 2005-ல் அந்த ரோடு அப்படித்தான் இருந்தது. ஒரு பழைய ஜீப் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று முட்டி, ணங்... ணங்... என்று சத்தம்.

ஓட்டியவர் செல்வகணேஷ். நம் சுஜாவின் சித்தப்பா. சாலை பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம், இவருக்கு மட்டும் கடல் பைத்தியம். கோவளத்தில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் மூழ்குகிற வித்தை, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கதை விடுகிற ஆள் இல்லை. சந்தேகம் இருந்தால் சுஜாவையே கேளுங்கள். இப்போது வேண்டாம், கரண்ட் வந்த பிறகு கேளுங்கள்.

பக்கத்தில் கௌசிக். கரமனை அக்ரஹாரத்துப் பையன். அன்றைக்கு அவனுக்குப் பரீட்சை. கடலுக்குள் யார் துணையும் இல்லாமல் தனியாக இறங்குகிற பரீட்சை.

சாதாரணமாக அங்கே இரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் இன்னொருவர் கொடுத்தாக வேண்டும். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினால் 'காற்று இல்லை' என்று அர்த்தம். அதைப் பார்த்த நொடியில் கை தானாக நீளும், அப்படிப் பழக்குவார்கள். தனியாகப் போகிறவனுக்குத் துணை கிடையாது. அதனால் முதுகில் ஒரு பெரிய சிலிண்டர், விலாவில் ஒரு சின்னது. பெரியது மக்கர் பண்ணினால் சின்னதுதான் உயிர்.

பரீட்சை என்ன தெரியுமா? கௌசிக் முன்னால் போவான். செல்வகணேஷ் பின்னால் தள்ளி வருவார். அவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. நடுவில் எப்போதாவது அவர் ஓசைப்படாமல் வந்து பெரிய சிலிண்டரின் வால்வை மூடிவிடுவார். அவன் பதறாமல் சின்னதற்கு மாற வேண்டும். மாறினால் பாஸ், தனியாக இறங்கலாம் என்று கார்டு கிடைக்கும்.

கிளம்பும்போது கௌசிக்கின் அம்மா வாலாம்பாள் ஜீப் வரைக்கும் வந்திருந்தாள். "ஒரே பிள்ளை, சார். பத்திரமாக் கொண்டுவந்து விட்டுடுங்கோ." அவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

விழிஞ்ஞத்துக்கு வெளியே, பாறைகள் இருக்கும் இடம். டீசலும் ஈர ரப்பரும் கலந்த நாற்றம். படகோட்டி தாசையன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரே, தண்ணி இன்னைக்குக் கலங்கிக் கெடக்கு. நாளைக்கு வெச்சா போராதா?"

"ஒண்ணும் ஆவாது தாசையா. அரை மணிக்கூர்ல ஏறிருவோம்."

சின்ன சிலிண்டரில் காற்றின் அளவு காட்டும் முள்ளை செல்வகணேஷே பார்த்தார். நிறைய இருந்தது. இறங்கினார்கள்.

கீழே பச்சை மங்கல். தன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். உள்ளே இழுத்தால் ஹ்ஸ்ஸ்... வெளியே விட்டால் குமிழிகள் குபுகுபுவென்று. முன்னால் கௌசிக் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தான். பாறையைச் சுற்றித் திரும்பினான். ஒரு நிமிஷம் கண்ணில் படவில்லை. மறுபடி பார்த்தபோது...

வலது கையைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நீந்துகிறான். ரோடு கடக்கும்போது குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வோமே, அந்த மாதிரி. நெஞ்சில் மாட்டியிருக்க வேண்டிய சின்ன சிலிண்டரின் குழாயும் வெளியே அந்தப் பக்கமாக நீண்டிருந்தது. அதன் முனையில் யாரும் இல்லை. ஆனால் குமிழி வந்தது.

கசிவு என்றுதான் நினைத்தார். கசிந்தால் சரம் மாதிரி விடாமல் வரும். இது வந்தது... நின்றது... வந்தது... நின்றது.

பிரஜின், காலைத் தூக்கி நாற்காலியில் வைக்காதே. இது கடல் கதை, தரையில் ஒன்றும் இல்லை.

செல்வகணேஷுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பரீட்சையன்றைக்குக்கூடக் குழாயை ஒழுங்காக மாட்டவில்லையே, இன்றைக்குப் பாடம் படிக்கட்டும் என்று பின்னால் போனார். வால்வைப் பிடித்தார். மூடிவிட்டார்.

கௌசிக்கின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. கை நெஞ்சுக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. குழாயைத் தடவிப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். அந்த ரப்பர் குழாய் விறைத்து நின்றது. அந்தப் பக்கம் யாரோ விடாமல் பிடித்திருந்தார்கள். அவன் அந்த வெறும் தண்ணீரைப் பார்த்துக் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. குமிழி நிதானமாக வந்துகொண்டே இருந்தது.

செல்வகணேஷ் மறுபடி வால்வைப் பிடித்தார். திறக்க வரவில்லை, வழுக்கியது. தன்னிடமிருந்த உபரிக் குழாயை அவன் வாயில் திணித்து, தோளைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுவந்தார். வழி முழுக்க அந்தச் சின்ன குழாய் பக்கத்திலேயே நீண்டுகொண்டு வந்தது. படகின் நிழல் தெரிந்தபோதுதான் தளர்ந்து தொங்கியது. சின்ன சிலிண்டரின் முள் பூஜ்யத்தில் நின்றது.

படகில் செல்வகணேஷ் கௌசிக்கைத் துண்டால் போர்த்தினார். அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன.

"யாருக்குலே குடுத்த?"

"பாறைக்குப் பின்னாடி ஒருத்தர் காத்து கேட்டார், அண்ணா. நீங்கதான் ஆள் வெச்சு டெஸ்ட் பண்றேளோன்னு நெனச்சேன். யோசிக்கறதுக்குள்ள கை குடுத்துடுத்து."

"மொகத்தைப் பாத்தியா?"

"மாஸ்க் இல்லை. கண்ணைத் தெறந்து வெச்சுண்டு இருந்தார்... உப்புத் தண்ணியிலே." துண்டை இழுத்துக்கொண்டான். "எனக்கு இல்லைன்னு திருப்பிக் கேட்டேன், அண்ணா. மாட்டேன்னு தலையாட்டினார்."

தாசையன் எஞ்சினைக் கிளப்பினார். கரைக்கு வந்ததும் டாக்டர் பார்த்தார், நுரையீரல் சுத்தம், வீட்டுக்குப் போகலாம் என்றார். சாயந்திரம் கரமனையில் பையனை முழுசாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார் செல்வகணேஷ். வாக்கைக் காப்பாற்றிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

கை கழுவும்போது போன் அடித்தது. வாலாம்பாள். குரல் கிசுகிசுவென்று இருந்தது.

"சார், வந்ததும் படுத்தான். எழுப்பினா எழுந்துக்க மாட்டேங்கறான். ரூம்ல வேற யாருமில்லை, ஆனா ரெண்டு பேர் மூச்சு விடறது கேக்கறது. இவன் இழுத்தா அது நிக்கறது... அது இழுத்தா இவன் நிறுத்திடறான். மாறி மாறி..."

"மாமி, நான் இப்பவே..."

"இப்போ இவன் இழுக்கற முறை, சார். ரொம்ப நேரமாறது. அதோட மூச்சு மட்டும்தான் கேக்கறது."