பாதிப் பேர் கொடுக்கிறார்கள்

"ஹலோ… சொல்லுண்ணா… ஆமா ஆமா, ஆபீஸ்லதான் இருக்கேன்… என்னது, சர்டிபிகேட் வந்துடுச்சா? இன்னைக்கேவா? … அப்பாடா! அப்போ பின்கதவச் சரி பண்ணிட்டியா?"

அவளுடைய அண்ணன் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறான். அவள் பாப்பாவும் பகலில் அங்கேதான். தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று இருக்கும் பின்கதவு இறுகிப்போய்க் கிடக்கிறது. அது திறக்கும்வரை தீ பாதுகாப்புச் சான்றிதழ் கிடையாது என்று, ஊரே 'கறார் சார்' என்று கூப்பிடும் இன்ஸ்பெக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"பண்ணலையா? … பின்ன எப்படி? … கவரா? யாருக்கு? … கறார் சாருக்கா! விளையாடாதண்ணா. அந்த மனுஷன் அடுத்தவங்க இடத்துல தண்ணிகூடக் குடிக்க மாட்டாரு… வாங்கிட்டாரா? … பேசாம வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரா… குடுக்கணும்னு உனக்கு யாரு சொன்னா? … நானா? நான் எப்போ… எந்த போர்டு?"

கேட்டாளே தவிர, எந்தப் பலகை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். மனிதர்களின் மனப்போக்கைப் படித்து லஞ்சத்தைக் குறைக்கிற அரசுப் பிரிவில் அவளுக்கு வேலை. 'இங்கே வருபவர்களில் பாதிப் பேர் லஞ்சம் கொடுக்கிறார்கள். நீங்கள் கொடுக்காதீர்கள்!' உண்மையைப் போட்டு உடைத்தால் ஊருக்கு வெட்கம் வரும் என்று நம்பி, தீயணைப்பு உரிம அலுவலக வாசலில் ஆள் உயரத்துக்கு அவள்தான் மாட்டச் சொன்னாள். வெட்கம் வரவில்லை, தைரியம் வந்துவிட்டது.

"அது குடுக்காதீங்கன்னு எழுதினதுண்ணா! … சரி… சரி… பாதிப் பேர் குடுக்கறப்போ நீ மட்டும் இளிச்சவாயான்னு தோணிச்சு. ம்… அவருக்கும் அப்படித்தான் தோணியிருக்கும். தினமும் அதைத் தாண்டித்தானே உள்ள போறாரு… ஒரு நிமிஷம் இரு."

அறை வாசலில் யாரோ ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார்.

"யாருங்க? … எங்கிட்டயா? … கவரை முதல்ல உள்ள வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல! வெளிய போங்க! … ஒண்ணும் இல்லண்ணா. உன்ன மாதிரி ஒருத்தரு."

அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அந்த போர்டைக் கழட்டச் சொல்லி எழுதிக் குடுத்துட்டேன்… எங்க டைரக்டர் மாட்டேங்கறாரு. புகாரே வரலையாம், போர்டு நல்லா வேலை செய்யுதாம். எல்லாரும் சந்தோஷமா குடுத்தா எவன் புகார் குடுப்பான்? … மத்த ஆபீஸ்லயும் மாட்டப் போறாங்க… ஆமா, என்னைப் பாராட்டி. அதை விடு. சர்டிபிகேட் இருந்தா கதவு திறக்குமா? … இனிமே எதுக்குச் செலவா? அண்ணா, உள்ள பிள்ளைங்க தூங்குதுங்க! … நான் புகார் குடுக்கட்டுமா? … ஆமா, உன்னையும்தான் உள்ள வைப்பாங்க… தெரியும்… அண்ணி என் முகத்துலயே முழிக்க மாட்டாங்க, தெரியும்… கத்தாத. கெஞ்சிக் கேக்கறேன், ஒரு ஆசாரியக் கூப்பிடு… என் பாப்பாவா? … பயமா இருந்தா அனுப்பாம இருக்கவா? … ஆமா, அனுப்ப மாட்டேன். நாளையிலிருந்து அவ வர மாட்டா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"இல்ல… அப்படி இல்லண்ணா… மத்த பிள்ளைங்க? சாயங்காலம் பாப்பாவக் கூப்பிட வர்றப்போ அத்தனை அம்மாங்களும் வாசல்ல நிப்பாங்களே. அவங்ககிட்ட நான் என்னன்னு… அண்ணா? … ஹலோ? … ஹலோ?"

அண்ணன் எப்போதோ வைத்துவிட்டிருந்தான்.