இரண்டு பகல், ஓர் இரவு, சாப்பாடு உட்பட

அந்த ஹோட்டலைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன் மேடம். கையில் ஒரு மஞ்சள் பட்டையைக் கட்டிவிட்டால் போதும், மூன்று வேளைச் சாப்பாடு, டீ, ஒட்டினாற்போல் இருக்கிற பார்க்கில் எல்லா ராட்டினமும், எத்தனை தடவை வேண்டுமானாலும். மெத்தை கொஞ்சம் மேடு பள்ளம். வெந்நீர் காலையில் மட்டும்தான். ஏற்காட்டில் சீசன் நேரத்தில் அந்த விலைக்கு வேறெங்கே கிடைக்கும்? அவர்களுடைய கவனக்குறைவால்தான் என் அண்ணன் காணாமல் போனார் என்று இந்த ஸ்டேஷனில் நான் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, அதை முதலில் கிழித்துவிடுங்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

நான் குப்பனூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். அண்ணன் ஏசுராஜுக்கு ஐம்பது வயதாகிறது. புத்தி ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. எங்கள் அம்மா சாந்தாமேரி இருந்தவரை அவரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தார். அப்புறம் அண்ணன் என் தலையில் விழுந்தார். விழுந்தார் என்று சொல்லக் கூடாதுதான், ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் யாரையும் அடிக்க மாட்டார், எதையும் உடைக்க மாட்டார். பேசுவார், அவ்வளவுதான். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மாவரைக்க வருகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிப்பார். கூடவே எங்கள் வீட்டுச் சங்கதியையும் சொல்லிவிடுவார்.

"ஏனுங்க பானுக்கா, எங்கூட்டுல ஷீனா நேத்து சோறு உங்காமப் படுத்துக்கிட்டா. கண்ணு அவள வஞ்சுபோட்டான்."

ஷீனா என் மனைவி. அவளைத் திட்டிய கண்ணு நான்தான். தலை நரைத்த பிறகும் அவர் வாயில் எனக்கு அதே பேர்தான். அந்தப் பெண்கள் மாவுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு மானம் கப்பலேறும்.

என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயை எப்படி அடைப்பது என்று எனக்கும் ஷீனாவுக்கும் ஒரே கவலை. எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அண்ணா, ஒரு ஆட்டம் ஆடலாமுங்களா? நாஞ் சொல்ற வரைக்கும் யாரு என்ன கேட்டாலும் பேசக் கூடாது. பேசுனா அவுட்டு."

தெருப் பையன்கள் எந்த ஆட்டத்திலும் அவரைத்தான் முதலில் அவுட் ஆக்குவார்கள். ஜெயிப்பது என்றால் அவருக்கு உயிர். வந்தவர்கள் போகும்வரை கன்னத்தை உப்பிக்கொண்டு உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார். பெரியவர் நல்ல அமைதியானவர் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட்டுப் போனார்கள். "போதுங்ணா, ஜெயிச்சிட்டீங்க" என்றேன். ஓடி வந்து என்னைத் தூக்கியே விட்டார். அன்றைக்கு நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவருக்கு நெஞ்சு வலி. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாம் பார்த்துவிட்டு, வெறும் வாயுதான் என்றார் டாக்டர். "கவலையே படாதீங்க. இதயம் வாலிபப் பிள்ளை மாதிரி இருக்கு. எண்பது வயசு வரைக்கும் அசைச்சுக்க முடியாது" என்று அண்ணன் தோளைத் தட்டிக் கொடுத்தார். நான் நன்றி சொன்னேன். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். "ஏங்கண்ணு, பெட்ரோல் இல்லியா?" என்று பின்னாலிருந்து கேட்டார் அண்ணன்.

அதற்கப்புறம் அந்த ஆட்டத்தைத் தினமும் ஆடினோம். முதலில் ஒரு காலைப் பொழுது. பிறகு ஒரு பகல் முழுக்க. பிறகு இரண்டு நாள். மில்லுக்கு வருகிறவர்களையும் சேர்த்துக்கொண்டேன். அவரிடம் பேர் என்ன, எந்த ஊர், தம்பி யார் என்று கேட்கச் சொல்வேன். பானு தேன்மிட்டாயைக் காட்டிக்கூடக் கேட்டுப் பார்த்தாள். எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் நடந்தது. அவர்களில் ஒருவருக்கும் எதற்கென்று தெரியாது. ஷீனாவுக்கும் தெரியாது, அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவள் மில்லைப் பார்த்துக்கொண்டாள், நாங்கள் இருவர் மட்டும் மலையேறினோம்.

அண்ணனுக்குப் புதுச் சட்டை வாங்கினேன். எங்கள் ஊர் டெய்லர் காலரில் தன் கடைப் பேரையும் ஊர்ப் பேரையும் வைத்துத் தைப்பார். அதனால் ரெடிமேடாக எடுத்தேன். அதுவும் நல்ல சட்டைதான்.

அந்த ஒரு நாள் அவரைப் போலச் சந்தோஷமாக ஒரு மனிதர் இருந்து நான் பார்த்ததில்லை. குதிரை ராட்டினத்தை விட்டு இறங்கவே இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கிளியூரிலிருந்து வேலைக்கு வருகிற தங்கம்மா என்கிற அம்மாள் பரிமாறினார். அவருக்கு அண்ணனைப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

"இன்னொரு பூரி வெக்கட்டுங்களா சாமி?"

"வையிங்க வையிங்க. எங்கிட்டப் பட்டை இருக்குது" என்று கையைத் தூக்கிக் காட்டினார் அண்ணன்.

யாரைப் பார்த்தாலும் அந்தப் பட்டையைக் காட்டினார். படுக்கும்போது அதை மறு கையால் பொத்திக்கொண்டு, "இந்த ஊட்லயே இருந்துக்கலாமா கண்ணு?" என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது மேடம், அவரே சம்மதம் கொடுத்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

காலையில் வண்டி நிற்கிற இடத்தில் கர்நாடகாவிலிருந்து வந்த ஒரு டூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. முந்தின நாளே டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து வைத்திருந்தேன். பல ஊர்க் குடும்பங்கள், ஒருவரையொருவர் அவ்வளவாகத் தெரியாது, பின்னால் ஸீட் காலி. வழியில் ஓசூர் தாண்டித்தான் நிறுத்துவார்களாம். ரிசப்ஷனில் கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டு போனேன். பட்டையில் ஹோட்டலின் ஃபோன் நம்பர் இருந்தது.

அண்ணன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "வேண்டாங்கண்ணு. இது இல்லீன்னா சோறு போட மாட்டாங்க."

"அந்த பஸ்சுலயும் போடுவாங்கண்ணா" என்றேன். கையை நீட்டினார். வெட்டினேன். "இப்பருந்து ஆட்டம்" என்றேன். உடனே உதட்டை இறுக்கிக்கொண்டார்.

பெட்டிகளை ஏற்றுகிற சந்தடியில் அவரைக் கடைசி ஸீட்டில் ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இறங்கினேன். பஸ் நகர்ந்தது. அவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கன்னத்தை உப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் போய்த் தோசை சாப்பிட்டேன். என் கையில் என் பட்டை இன்னும் இருந்தது. பஸ் சேலம் தாண்டியிருக்கும் என்று தோன்றிய பிறகுதான் அண்ணனைக் காணோம் என்று கத்தினேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். குப்பனூரிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்தார்கள். ஏரியில் படகு விட்டுத் தேடினீர்கள். தங்கம்மா வேலையை விட்டுவிட்டுக் காப்பித் தோட்டங்களுக்குள் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டே அலைந்தார். பொழுது சாயும் நேரத்தில் முழங்காலெல்லாம் சிராய்ப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அழுவாதீங்க. அவரு நொம்பப் பேசுவாருங்களே. எங்க போனாலும் ஊருப் பேரச் சொல்லி வந்து சேந்துருவாருங்க."

அதைக் கேட்டதும் நான் அழுதேன். அதுவரை அழுதது நடிப்பு, அது மட்டும் நடிப்பில்லை. எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸை மறித்திருக்கலாம். சொல்லவில்லை.

ஐந்து மாதம் கழித்து நேற்று கூப்பிட்டனுப்பினீர்கள். கர்நாடகாவில் ஒரு காப்பகத்தில் அடையாளம் ஒத்துப்போகிற ஒருவர் இருக்கிறார் என்று வீடியோ காலில் காட்டினீர்கள். அங்கிருந்து பேசிய பெண் தமிழில்தான் சொன்னார். ரோட்டில் நின்றவரைப் போலீஸ் கொண்டுவந்து விட்டதாம். ஒரு வார்த்தை பேசவில்லை, ஊமை என்று எழுதி வைத்திருக்கிறார்களாம். செருப்பு கடித்துப் புண்ணாகிச் சீழ் பிடித்ததைக்கூட யாரிடமும் காட்டத் தெரியவில்லை, வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம்.

பிறகு ஃபோனை அவர் பக்கம் திருப்பினார்கள். தலையை மொட்டை அடித்திருந்தார்கள். கழுத்து எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அந்தக் கண் இரண்டும் சிரித்ததை நீங்களும் பார்த்தீர்கள். அவர் உதட்டை இன்னும் அழுத்தி மூடிக்கொண்டு கன்னத்தை உப்பினார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"இவரு இல்லீங்க மேடம். எங்கண்ணன் நல்லாப் பேசுவாருங்க" என்றேன்.

நீங்கள் ஃபோனை வைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள்.

பஸ்ஸில் அடிவாரம் வரும்வரை எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை. வீட்டில் ஷீனா வாசலுக்கே ஓடி வந்து, "அவருதானுங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, எங்கே இருந்தாலும் அவருக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைக்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வந்துவிட்டேன்.

இப்போது நீங்கள் அதே நம்பரைப் போட்டு, "போதும்னு சொல்லுய்யா, அவர் பேசட்டும்" என்று ஃபோனை என்னிடம் நீட்டுகிறீர்கள். சொல்கிறேன் மேடம். எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். ஆனால் அவர் பேச மாட்டார். மலைக்குக் கூட்டி வருவதற்கு முந்தின வாரம் அவருக்குப் புதிதாக ஒன்று பழக்கினேன். நான் போதும் என்பேன், அவர் சிரித்துக்கொண்டு வாயைத் திறப்பார், அவுட் என்பேன். குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுவார். மறுபடியும் ஆரம்பிப்போம். யார் போதும் என்று சொன்னாலும், நானே வந்து சொன்னாலும், அது ஏமாற்று வேலை, நம்பக் கூடாது என்று அவர் மண்டையில் ஏறும்வரை விடவில்லை.

எந்த நேரத்திலாவது நான் மனமிரங்கி அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் அப்படிப் பழக்கினேன். நேற்று அவர் முகத்தைப் பார்த்தபோது அது என் வாயில் வரவே இல்லை.