துணி காயும் அறை

ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் மட்டும் துணி அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

சிரிக்காதீர்கள் சார், எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம். வேலந்தாவளத்தில் ஆடியில் மழை அடித்துப் பெய்யாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூறலை அள்ளிக்கொண்டு வந்து நாள் முழுக்கத் தெளித்துக்கொண்டே இருக்கும். ஒரு பனியன் காய மூன்று நாள் ஆகும். அந்த ஊரில் என் மனைவி யோகப்பிரியா காலையில் துவைத்த போர்வையை மதியம் மடித்து வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வயிற்றெரிச்சல்.

காரணம், வீட்டு நடு அறையில் நான் நிறுத்தியிருந்த இரும்புச் சட்டம். அதில் வரிசையாக ஏழு கிராபிக்ஸ் கார்டுகள். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவதற்காகச் செய்த கார்டுகள்தான். அவற்றை நிறுத்தாமல் கணக்குப் போட வைத்தால், உலகத்தில் யாரோ யாருக்கோ கிரிப்டோ அனுப்புவதைச் சரிபார்த்த கூலியாக நமக்கும் ஒரு துளி விழும். மைனிங் என்பார்கள். சுரங்கம் என்றதும் கடப்பாரை, மண்வெட்டி என்று நினைக்க வேண்டாம். விசிறிச் சத்தமும் சூடும்தான்.

கஞ்சிக்கோட்டில் ஓர் இரும்பாலையில் பதினோரு வருடம் எலெக்ட்ரீசியனாக இருந்தவன் நான். ஊரடங்கு முடிந்து ஆலையைத் திறந்தபோது ஆட்களைக் குறைத்தார்கள். பட்டியலில் முதல் பெயர் சிவப்பிரகாஷ், அதாவது நான். வீட்டில் சும்மா இருக்கிற ஆண் எவ்வளவு சீக்கிரம் அறிவாளி ஆகிவிடுகிறான் என்பதற்கு நானே சாட்சி. ஆறு மாதம் யூட்யூப் பார்த்தேன். உலகப் பொருளாதாரம் முழுவதும் புரிந்துவிட்டது. யோகப்பிரியாவின் வளையல்களைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோய்க் கார்டுகளாக மாற்றிக்கொண்டு வந்தேன்.

“ஏனுங்க, வளையலுன்னா கையில கெடக்கும். இது எங்கீங்க கெடக்கும்?” என்று கேட்டாள். தொலைநோக்கு இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு மீட்டரில் ஓட்டினால் கிடைப்பதெல்லாம் கரண்டு பில்லுக்கே போய்விடும். எங்கள் கிணற்று மோட்டாருக்கு விவசாய இணைப்பு இருக்கிறது. அதற்கு நாங்கள் கட்ட வேண்டியதில்லை, விவசாய ஆபீஸ், அந்த கிருஷிபவன், பார்த்துக்கொள்ளும். மோட்டார் அறையிலிருந்து வீடு வரை இருநூறு மீட்டர் கேபிளைப் பழைய ஹோஸ் குழாய்க்குள் நுழைத்து, வரப்போரம் புல்லுக்குள் மறைத்து இழுத்தேன். மழைக்காலத்திலும் ராப்பகலாக மோட்டார் ஓடியதாக மீட்டர் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும்தான். அந்த அளவுக்கு இறைத்திருந்தால் எங்கள் கிணற்றில் இப்போது தவளைகூட இருக்காது. இது என் தப்பு. நீங்கள் கூப்பிட்டபோது இதற்காகத்தான் என்று நினைத்து, அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

ஆனால் நான் மோசமான எலெக்ட்ரீசியன் இல்லை. மோட்டார் அறையில் முறைப்படி ஈஎல்சிபி மாட்டியிருந்தேன். உங்கள் வீட்டிலும் இருக்கும். கரண்டு மண்ணில் கசிந்தாலும், ஆள்மேல் பாய்ந்தாலும், கண் இமைப்பதற்குள் மொத்தத்தையும் துண்டிக்கிற பெட்டி. கேபிள் நீளம் போதாமல் வரப்பு நடுவில் ஓர் இணைப்புப் போட்டு டேப் சுற்றியிருந்தேன். தூறல் விழுந்தால் அங்கே கசியும். பெட்டி டப்பென்று விழும். வீட்டில் கார்டுகள் எல்லாம் ஒரே நொடியில் அணையும். ஆனியில் மட்டும் பதினோரு தடவை. பதினோராவது தடவை ஒரு கார்டு செத்துப்போனது. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று கரண்டு போனால் சில கார்டுகள் தாங்காது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. “காரியம் எப்பொ வெக்கறீங்க?” என்று யோகப்பிரியா கேட்டாள்.

மறுநாள் அந்தப் பெட்டியைத் தாண்டி ஒயரை நேராகக் கொடுத்துவிட்டேன். பதினோரு தடவையும் அது என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் சொன்னது. எனக்கு நச்சரிப்பு பிடிக்காது.

அதற்குப் பிறகு நிம்மதி. நிற்காமல் எத்தனை நாள் ஓடியது என்று திரையின் மூலையில் ஓர் எண் வரும். அது ஏறிக்கொண்டே போனது. டெலிகிராமில் எங்களுக்கு ஒரு குழு இருந்தது. அதில் கம்பம்மெட்டுக்காரன் ஒருத்தன், ஏலக்காய் வியாபாரி, தன் கார்டுகள் நாற்பத்தொன்பது நாள் நிற்காமல் ஓடியதாகப் படம் போட்டு எல்லோரிடமும் கைதட்டல் வாங்கியிருந்தான். நான் ஐம்பது தொட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. கல்யாண நாளை மறக்கிற ஆள் நான். அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பத்தாம் நாள் காலையில் வரப்பில் ஒரு காட்டுப்பன்றி செத்துக் கிடந்தது. சரியாக என் இணைப்பு இருந்த இடம். வாயில் டேப் துணுக்கு. நான்தான் முதலில் பார்த்தேன். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, எண் கெடாமல் இருக்க, கரண்டு ஓடும்போதே புது டேப் சுற்றிவிட்டு நல்ல பிள்ளையாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் பொங்கியண்ணன் மாமாவின் நிலக்கடலைக் காடு. சொந்தம் இல்லை, ஆனாலும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே மாமா. அந்தப் பன்றிக் கூட்டம் இரண்டு வருடமாக அவருடைய கடலையைத் தோண்டித் தின்று அவரை அழவைத்திருந்தது. அதனால் அவர் திருட்டுக் கரண்டு வைத்துத்தான் கொன்றிருக்கிறார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அப்படிக் கொல்வது குற்றம் என்பதால் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கண்ணடித்தார்கள். மாமா வாழ்நாளில் அப்படி ஒரு மரியாதையைப் பார்த்ததில்லை. கள்ளுக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்களாம். “அதெல்லாம் வெளிய சொல்லப்படாதுங்க” என்று மட்டும் சொல்லிச் சிரித்தாராம். மதியத்துக்குள் பன்றியைக் காணோம். எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குப்போசி வந்தது. நான் கொன்ற பன்றியில் எனக்கே பங்கு. குழம்பு நன்றாக இருந்தது.

பெருமையைக் காப்பாற்ற வேண்டாமா? நாலு நாள் கழித்து மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மாப்ள, வரப்போரமா ஒரு கம்பி கட்டிக் குடு. வாரவன் போறவனெல்லாம் கம்பி எங்கீன்னு எட்டிப் பாக்கறான்.”

“கரண்டுங்க மாமா?”

“ஐயோ சாமி, கரண்டெல்லாம் ஆகாது. சும்மா கம்பி மட்டும். ஊருக்குத் தெரியோணும், அவ்வளவுதான்.”

கட்டிக்கொடுத்தேன். குச்சி நட்டு, வெறும் கம்பி. ஊர் முழுக்க அந்தக் கம்பிக்குப் பத்தடி தள்ளி நடந்தது. அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். மாமா, அவர் மனைவி சரஸ்வதியம்மாள், நான்.

சரஸ்வதி அத்தைக்கு வாயும் பெரிது, மனசும் பெரிது. ஒரு நாள் மாமாவின் ஈர வேட்டிகளை வாளியோடு தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “உங்கூட்டுல துணி நல்லாக் காயுதாமா கண்ணு? யோகு சொன்னா. ஒரு மூலையில போட்டுக்கறேன்.” எங்கள் துணி காய்வதையே நான் அரைமனதாகத்தான் விட்டிருந்தேன். அடுத்தவர் துணியையும் சேர்த்தால் அறையில் ஈரம் தங்கும். ஈரம் கார்டுகளுக்கு ஆகாது. வேண்டாம் அத்தை என்று சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “செரி போ. எங்களுக்குத்தான் கம்பி இருக்குதே. இவிய பெருமைக்குக் கட்டுனது, துணி காயவாவது ஆகட்டும்” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து அந்தப் பயங்கரமான கம்பியில் மாமாவின் வேட்டி ஆடிக்கொண்டிருந்தது. புருஷன் வைத்த கரண்டு பெண்டாட்டியை ஒன்றும் செய்யாது போல என்று ஊரில் அதையும் ஓர் அதிசயமாகப் பேசினார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். காற்றில் ஒரு குச்சி சாய்ந்து, கம்பி தொய்ந்து, என் இணைப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. டெஸ்டர் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். கம்பியில் வைத்துப் பார்த்தேன். எரிந்தது. மங்கலாகத்தான் எரிந்தது. காய்ந்த மட்டை ஒன்றால் கம்பியை விலக்கிவிட்டேன். காற்று அதைத் திரும்பக் கொண்டுவரும் என்று எனக்குத் தெரியும். இணைப்பைச் சரியாகப் பிரித்துப் போட வேண்டுமானால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இன்னும் ஐந்தே நாள். ஐம்பது முடிந்ததும் வேறு கேபிளே இழுத்துவிடலாம் என்று நினைத்தேன். அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், சும்மா கம்பியில் கரண்டு எப்படிடா வந்தது என்று கேட்பார். அவர் விடுகிற ஆள் இல்லை.

நாற்பத்தேழாம் நாள் காலை ஏழு மணிக்கு மாமா சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போயிருந்தார். யோகப்பிரியா கொழிஞ்சாம்பாறையில் அவள் அம்மா வீட்டில். அத்தை வேட்டி காயப் போட வந்தார்.

மற்றதை ஊரே சொல்லும். நான்தான் முதலில் ஓடினேன். செருப்புகூடப் போடாமல் ஓடினேன். நான்தான் தூக்கினேன், நான்தான் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். குச்சியால் கம்பியைத் தட்டிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் மோட்டார் அறைக்கு ஓடி மெயினை இழுத்தேன். கூட்டம் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருந்தபோது நான் திரும்பி வந்து கேபிளைச் சுருட்டி எடுத்துவிட்டேன். இருபது நிமிட வேலை. ஆலையில் என் கைவேகத்தைப் பாராட்டியிருக்கிறார்கள்.

உங்களுக்கு முன்னால் வந்த உள்ளூர்ப் போலீஸ் மாமாவைக் கொண்டுபோனது. கம்பியில் கரண்டே இல்லை என்று அவர் கத்தியதை யார் நம்புவார்கள்? ஏற்கெனவே ஒரு பன்றியைக் கொன்ற கம்பி அது. கரண்டு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எலெக்ட்ரீசியன் என்ற முறையில் என்னைக் கேட்டார்கள். “லைன்ல கொக்கி போட்டு எடுத்திருப்பாங்க சார். பதட்டத்துல யாராவது கழட்டியிருக்கலாம்” என்றேன். மரியாதையாகக் கேட்டார்கள், மரியாதையாகப் பதில் சொன்னேன். கரண்டு வைத்தவன் அதில் தன் பெண்டாட்டியைத் தினமும் வேட்டி காயப் போட விடுவானா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே நான் மாட்டியிருப்பேன். கேட்காதது என் தப்பா?

நான் கம்பி கட்டிக்கொடுத்ததை மாமா யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. போன மாதம் கோர்ட்டில் அவரே சொல்லிவிட்டார். “என் கம்பிதானுங்க. நான் கட்டாம இருந்திருந்தா அவ அங்க போயிருக்கவே மாட்டா.” சரியாகத்தானே சொன்னார்? பெரியவர் வாயால் ஒப்புக்கொண்டதை மறுத்துப் பேச நான் யார்? அடுத்த வாரம் தீர்ப்பு. ஜாமீனில் வெளியே இருந்தாலும் அவர் காட்டுக்குப் போவதில்லை. அவருடைய கடலைக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சிரிக்கலாம். அடுத்த மாதமே அந்த கிரிப்டோவை நடத்துகிறவர்கள் இந்த முறையையே கைவிட்டுவிட்டார்கள். இனி கார்டுகள் தேவையில்லை என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்க ஒரே நாளில் நின்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் துணி காய மூன்று நாள் ஆகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் கம்ப்யூட்டரை மேசைமேல் வைத்துக்கொண்டு காலையிலிருந்து அதையேதான் கேட்கிறீர்கள். அன்று மைனிங் நின்றது ஏழு மணி ஆறு நிமிடம் என்று அதில் பதிவாகியிருக்கிறது. கரண்டு போய் நின்றதாக இல்லை. நான் நிறுத்தி நின்றதாக இருக்கிறது. அது ஏன் என்கிறீர்கள்.

நடு அறை ஜன்னலிலிருந்து வரப்பு தெரியும். வேட்டியைக் கம்பியில் போட்ட கை கம்பியிலேயே இருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. முகம் எங்கள் வீட்டுப் பக்கம் இருந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த வேலையில்தான் பதினோரு வருடம் இருந்தேன். எழுந்து கதவு வரை ஓடினேன். ஓடிப்போய் மெயினை இழுத்தால் கார்டுகள் எல்லாம் சட்டென்று அணையுமே என்று ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டரிடம் மைனிங்கை முறைப்படி நிறுத்தச் சொன்னேன். நிச்சயமாக நிறுத்தவா என்று அது ஒரு தடவை கேட்கும். ஆம் என்று அழுத்தினேன். விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை நிமிடம் இருக்கும். பிறகுதான் ஓடினேன், ஊரே சொல்கிற மாதிரி, செருப்பில்லாமல்.

அந்த ஒன்றரை நிமிடம் முன்னால் போயிருந்தால் அத்தை பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. தெரியாததை நான் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. தெரிந்ததைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஆறு கார்டுகளில் ஒன்றுக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.